மறுபடி அப்ளை பண்ணு என்பது பதில் இல்லை

என் சித்தப்பா மகனுக்கு மாணவர் விசா மறுக்கப்பட்டது. எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. திண்டுக்கல்காரன், மெக்கானிக்கல் முடித்தவன். பல்கலைக்கழக அனுமதி கையில் இருந்தது, வங்கிக் கடனும் கிடைத்துவிட்டது. வந்த கடிதத்தில் ஒரே காரணம்: படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவீர்கள் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை. "அண்ணா, நான் திரும்ப மாட்டேன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே இன்னும் தெரியாதே" என்றான்.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. "இன்டர்வியூல என்னடா உளறுன?" என்றார் மாமா. கண் பட்டுவிட்டது என்றார் சித்தி. "அப்பீலெல்லாம் வேஸ்ட் சார், அடுத்த இன்டேக்குக்கு மறுபடி அப்ளை பண்ணிடலாம்" என்றார் கன்சல்டன்சிக்காரர். மறுத்தவரைத் தவிர எல்லார் மேலும் பழி விழுந்தது.

அந்த 'மறுபடி அப்ளை பண்ணு'வோடுதான் என் சண்டை. மறுபடி விண்ணப்பிக்கும்போது, தப்பு என் பக்கம்தான் என்று ஒப்புக்கொண்டு இன்னொரு முறை கட்டணம் கட்டுகிறோம். மேல்முறையீட்டில் கேள்வி அந்தப் பக்கம் திரும்புகிறது: நீங்கள் எடுத்த முடிவு சரியா? இந்தக் கேள்வியைக் கேட்கும் வழிகளைத்தான் பணக்கார நாடுகள் ஒவ்வொன்றாக அடைத்துவருகின்றன.

அமெரிக்காவில் அந்த வழி எப்போதும் இருந்ததில்லை. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, மாணவர் விசா கேட்பவர் குடியேற வருபவராகவே கருதப்படுவார். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. இந்தப் பிரிவில் மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. தூதரக அதிகாரியின் முடிவை நீதிமன்றங்களும் பொதுவாகத் தொடுவதில்லை. கணவருக்கு விசா மறுத்ததை எதிர்த்து அமெரிக்கக் குடிமகளான மனைவியே தொடுத்த வழக்கில், 2024இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய கோட்பாட்டின் பக்கமே நின்றது.

ஜெர்மனியில் ஓர் எளிய வழி இருந்தது. ரெமான்ஸ்ட்ரேஷன் என்று பெயர். மறுத்த தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க அதை நீக்கிவிட்டார்கள். அந்த வேலை மிச்சமானால் ஊழியர்கள் கூடுதல் விண்ணப்பங்களைப் பார்க்கலாமாம். இப்போது இரண்டே வழி: புது விண்ணப்பம், அல்லது ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் ஜெர்மன் மொழியில் வழக்கு. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பதால்தான் நம்மூர் நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போகிறார்கள். பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ காட்டவே கடன் வாங்கியவன் பெர்லினில் வழக்கு நடத்துவானா?

"அவன் வீடு, அவன் கதவு. திறக்கச் சொல்ல நீ யார்?" என்று கேட்பீர்கள். சரி, ஒத்துக்கறேன். விசா என் பிறப்புரிமை இல்லை. ஆனால் கட்டணம் வாங்கி, அப்பாவின் வங்கிக் கணக்கைத் துருவிப் பார்த்து, சட்டப்படி முடிவு எடுக்கிறேன் என்று சொல்கிறவர், அந்த முடிவுக்குச் சட்டப்படி காரணமும் சொல்லணும். போலி ஆவணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களையும் நேர்மையானவனையும் பிரித்துக் காட்டக்கூடியதும் அந்தக் காரணம்தான்.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா உதாரணம். நாட்டுக்கு வெளியே மறுக்கப்பட்டவர் 60 நாளுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மனு போடலாம். முதலில் நீதிமன்றம் அனுமதி தர வேண்டும். வக்கீல் செலவு கணிசம். ஜெயித்தாலும் விசா கிடைக்காது, வேறோர் அதிகாரி கோப்பை மறுபடி பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் அங்கே அதிகாரி தன் காரணத்தை நியாயப்படுத்தியாக வேண்டும். இளவயது, கல்யாணமாகவில்லை, அதனால் திரும்ப மாட்டார் என்று எழுதிய மறுப்புகளை அந்த நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: மாணவன் இளைஞனாக, கல்யாணமாகாதவனாக இருப்பதே அவன் மீதான சந்தேகம். வழக்குப் போட்டவர்கள் இல்லாவிட்டால் இந்த அபத்தம் வெளியே தெரிந்திருக்காது.

தம்பியின் கடிதத்துக்கு இரண்டாம் பக்கம் ஒன்று இருந்தது. மறுபரிசீலனை கேட்பது எப்படி, எத்தனை நாளுக்குள் என்று அதில் எழுதியிருந்தது. அப்பீல் வேஸ்ட் என்று கேட்டதும் நாங்கள் அதைப் புரட்டவே இல்லை. நான் எடுத்துப் படித்த அன்று கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. இப்போது ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். தன் தப்பு என்ன என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

உங்கள் வீட்டுக்கு அப்படியொரு கடிதம் வந்தால், வந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். கடைசி வரி வரை படியுங்கள். வழி இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று சத்தமாகக் கேளுங்கள். கன்சல்டன்சிக்கு அப்புறம் போன் போட்டுக்கொள்ளலாம்.