டி டிரைவும் டாட் மேட்ரிக்ஸும்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போக வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும், பெரும்பாலும் 2017-க்குப் பிறகு வந்த பிராசசரும் இருந்தாக வேண்டும். கோவையின் கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் லேத் பட்டறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், இரும்புத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் இந்தக் கணக்கில் தேறாது. பில் போட, சலான் அடிக்க, கஸ்டமர் அனுப்பிய டிராயிங்கைத் திறந்து பார்க்க அவை இன்னும் தாராளமாகப் போதும். அதனால் சிலர் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போட்டுப் பார்க்கிறார்கள். மறுநாளே இரண்டு புகார்கள் வந்துவிடும். டி டிரைவ் திறக்க மாட்டேன் என்கிறது. பிரிண்டர் வாயே திறப்பதில்லை. “லினக்ஸ் நமக்குச் சரிப்பட்டு வராதுங்க” என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடும். இரண்டு புகாரும் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. முதலாவது, லினக்ஸ் நம் நலன் கருதிப் பிடிக்கிற பிடிவாதம். இரண்டாவது, பிரிண்டர் வாங்கிய அன்றே நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தம். லினக்ஸ் அதைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவே.

முதலில் டிரைவ். லினக்ஸில் சி, டி என்ற எழுத்துகளே கிடையாது. எல்லாம் ஒரே மரம். எந்த டிஸ்க்காக இருந்தாலும் அதன் ஏதோ ஒரு கிளையில் ஒட்டுப் போட்டால்தான் உள்ளே போக முடியும். அந்த ஒட்டுக்குத்தான் மவுண்ட் என்று பெயர். பழைய டி டிரைவ் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும். அதைப் படிக்கத் தெரியாததால் லினக்ஸ் திறக்கவில்லை என்று நினைப்பது தவறு. என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற மென்பொருள் வெகுகாலமாகவே படித்து எழுதி வந்தது. 2021 அக்டோபரில் வந்த லினக்ஸ் 5.15 கெர்னலிலேயே அதற்கான டிரைவர் சேர்ந்துவிட்டது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. தன் நினைவின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. மண்டியில் கணக்கர் பேரேட்டைப் பாதிப் பதிவோடு திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வேறொருவர் உட்கார்ந்து அதே பக்கத்தில் எழுதினால் என்ன ஆகும்? திரும்பி வந்த கணக்கர் தன் நினைவில் உள்ளபடியே மேலே எழுதுவார்; இரண்டு கணக்கும் கெடும். லினக்ஸ் அந்தப் பேரேட்டைத் தொட மறுக்கிறது, அல்லது படிக்க மட்டும் விடுகிறது. பத்து வருடத்து டிராயிங்கும் பில்லும் கிடக்கிற டிஸ்க்கில் இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்?

எனவே மருந்து லினக்ஸில் இல்லை. விண்டோஸை எடுப்பதற்கு முன்பே அதற்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு முழுதாக அணைத்திருக்க வேண்டும். எடுத்தாகிவிட்டது என்றால், அந்த டிஸ்க்கை வேறொரு விண்டோஸ் கணினியில் மாட்டிச் சோதனை ஓட்டி, ஒழுங்காக அணைத்துவிட்டு மீண்டும் கொண்டுவந்து மாட்டலாம். வற்புறுத்தித் திறக்கும் கட்டளைகள் இருக்கின்றன. முதலில் அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டபின் அவற்றைத் தொடுவதே புத்தி. இன்னொரு இடத்திலும் கால் வழுக்கும். ஒவ்வொரு முறையும் கையால் திறக்காமல் டிரைவ் தானே ஒட்டிக்கொள்ளும்படி செய்ய ஒரு கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியில் டிஸ்க்கின் வரிசைப் பெயரைக் கொடுத்தால், டிஸ்க்குகள் முன்பின்னாகக் கண்ணில் படும் நாளில் பெயர் மாறி வம்பாகும். யூயூஐடி என்ற நிரந்தர எண்ணைக் கொடுக்க வேண்டும். ‘வேப்பமரத்துக் காடு’ என்று சொல்லி யாரும் பத்திரம் எழுதுவதில்லை, சர்வே நம்பர்தான் போடுகிறோம், அதே நியாயம். கூடவே ‘நோஃபெயில்’ என்ற ஒரு சொல்லையும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால், டிஸ்க் கழன்றிருக்கும் நாளில் கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டு அவசரநிலைக் கறுப்புத் திரையில் நின்றுவிடும். மின்ட்டில் உள்ள ‘டிஸ்க்ஸ்’ செயலி இந்த வரியைத் தானே எழுதித் தருகிறது. கட்டளை எதுவும் தட்டச்சு செய்யத் தேவையில்லை.

பிரிண்டர் கதை வேறு. இங்கேதான் கொங்கு நாட்டு வியாபாரிக்கு வியப்பு காத்திருக்கிறது. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் தொடங்கிய அது 1999-ல் வெளிவந்தது. பிறகு ஆப்பிளும் அதையே மேக் கணினிகளுக்கு எடுத்துக்கொண்டது. இந்தக் கப்ஸின் முன்னால் மூன்று தலைமுறைப் பிரிண்டர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். கிழமான டாட் மேட்ரிக்ஸ், அது எப்சனோ டிவிஎஸ்ஸோ, பெரும்பாலும் அடித்துவிடும். புதிதான வைஃபை பிரிண்டரும் அடித்துவிடும். இரண்டுக்கும் நடுவே வந்த மலிவு லேசர்தான் மல்லுக்கு நிற்கிறது. பழசு என்பதால் ஓடவில்லை என்ற வாதம் இந்த இடத்திலேயே உடைந்துபோகிறது.

காரணம் விலையில் இருக்கிறது. டாட் மேட்ரிக்ஸ் பேசுவது எப்சனின் இஎஸ்சி/பி மொழி. அது ஊரறிந்த மொழி. போட்டிக் கம்பெனிகளே அதைப் பின்பற்றித் தங்கள் பிரிண்டர்களைச் செய்தன. ஆகவே கப்ஸில் ‘எப்சன் 9 பின்’ என்ற பொது டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் காரியம் முடிந்தது. புதிய வைஃபை பிரிண்டருக்கு டிரைவரே வேண்டாம். 2010-ல் ஆப்பிள் ஏர்பிரிண்ட் கொண்டுவந்தபின், செல்போனிலிருந்து அச்சடிக்க முடியாத பிரிண்டரை விற்க முடியாது என்ற நிலை வந்தது. தன் திறமைகளைத் தானே சொல்லிக்கொள்ளும் பொதுமொழியைப் பிரிண்டர்கள் கற்றுக்கொண்டன. லினக்ஸ் அந்த வழியிலேயே நுழைந்துகொண்டது. நடுத் தலைமுறை மலிவு லேசரில் மிச்சம் பிடிப்பதற்காகப் பிரிண்டரின் மூளையைக் கழற்றிக் கணினியில் வைத்தார்கள். நம் கடைகளில் எங்கும் காணக்கூடிய கேனான் எல்பிபி 2900, கேப்ட் என்ற தன் சொந்த மொழியை மட்டுமே பேசும். அதற்குக் கேனான் கொடுத்த லினக்ஸ் டிரைவர் 32-பிட் காலத்துச் சரக்கு. மற்றபடி, ஆர்வலர்கள் அந்த மொழியை ஒட்டுக்கேட்டு எழுதிய மென்பொருளை நம்ப வேண்டியதுதான். எச்பி லேசர்ஜெட் 1020 இன்னும் ஒரு படி மேலே: ஸ்விட்ச் போடும் ஒவ்வொரு முறையும் தன் ஃபர்ம்வேரையே கணினி வந்து ஊட்டிவிட வேண்டும். எச்பியின் மூடிய பிளகின் ஒன்றைத் தனியாக இறக்கி நிறுவினால் ஊட்டலாம். அதை நிறுவாதவரை பிரிண்டர் பட்டியலில் தெரியும், தாள் மட்டும் வராது.

டாட் மேட்ரிக்ஸ் இங்கே வெறும் பழைய பாசத்தால் பிழைத்திருக்கவில்லை. திருப்பூரில் நூல் துணியாகி, சாயமேறி, பனியனாகி வெளியேறும்வரை பல பட்டறை வாசல்களை மிதிக்கிறது. ஜாப் ஒர்க்குக்குப் போகும் சரக்குக்கு ஜிஎஸ்டி விதி 55-ன்படி டெலிவரி சலான் மூன்று பிரதிகள் வேண்டும்: பெறுபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, அனுப்புபவருக்கு ஒன்று. மூன்றையும் ஒரே அடியில் தருவது கார்பன் தாளும் ஊசியும்தான். லினக்ஸில் இங்கே இடறுவது டிரைவர் அல்ல, தாளின் அளவு. கப்ஸ் ஏ4 என்று நினைத்துக்கொண்டு ஓட்டும். தொடர்தாளின் நீளத்தைச் சொல்லிவைக்காவிட்டால் மூன்றாவது சலானில் எழுத்து துளைக்கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

மறுப்புகள் உண்டு, அவற்றில் சில கனமானவை. டாலி லினக்ஸுக்கு இல்லை; ஆகவே டாலியில் முழுக் கணக்கும் வைத்திருப்பவர் அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே விட்டுவிடுவது நல்லது. கோரல்டிராவில் டிசைன் போடும் பிரிண்டிங் யூனிட்டுக்கும் இதேதான். அவர்களிடம் லினக்ஸைத் திணிப்பது பிரச்சாரம், உதவி அல்ல. சர்வீஸுக்கு ஆள் யார் என்ற கேள்விக்கு அவ்வளவு கனம் இல்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. 2012 முதல் ‘கணியம்’ இதழ் தமிழிலேயே லினக்ஸ் எழுதிவருகிறது. பெயரையே கேள்விப்படாத ஊர் அல்ல இது. மூன்றாவது மறுப்பு நேரம்: “நாலாயிரம் ரூபாய் பிரிண்டருக்காக ரெண்டு நாள் வேலை கெடுவதா?” கெடக் கூடாதுதான். ஆனால் அந்த நாலாயிரத்தின் மலிவு எங்கிருந்து வந்தது என்பதையும் அதே கணக்கில் எழுத வேண்டும்.

இந்தக் கணக்கு கோவைக்குப் புதிதல்ல. 1937-ல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவின் பட்டறையில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் பிறந்த ஊர் இது. இங்கே மோட்டார் வாங்குகிறவர் குதிரைத்திறனுக்கு அடுத்தபடியாக விசாரிப்பது, காயில் எரிந்தால் யார் வேண்டுமானாலும் கட்ட முடியுமா, பேரிங் எந்தக் கடையிலும் கிடைக்குமா என்பதைத்தான். செய்தவன் மட்டுமே திறக்க முடிகிற மோட்டாரை விலை குறைவு என்பதற்காகத் தோட்டத்துக் கிணற்றில் யாரும் இறக்குவதில்லை. கணினிக் கடையில் மட்டும் அந்த விசாரணையை ஏனோ விட்டுவிடுகிறோம்.

எல்பிபி 2900-ஐ ஏற்கெனவே வைத்திருப்பவர் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. டாலிக்காக விட்டுவைத்த விண்டோஸ் கணினியில் அதை மாட்டி நெட்வொர்க்கில் பகிர்ந்தாலும், லினக்ஸ் பக்கம் அந்த மொழி தெரிந்தாக வேண்டும் என்ற இக்கட்டு தீராது. லினக்ஸில் பிடிஎஃப் ஆக்கி, பகிர்ந்த ஃபோல்டரில் போட்டு, அங்கே அடித்துக்கொள்வதே தலைவலி இல்லாத வழி. அடுத்த பிரிண்டர் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பார்க்கலாம். ஏர்பிரிண்ட் என்ற சொல் இருந்தால், ஐபோன் இல்லாத பட்டறைக்கும் அது வேலைக்காகும். அந்தச் சொல் இல்லாமல் ‘விண்டோஸ் மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், கடைக்காரர் குறைத்துத் தரும் ஐந்நூறு ரூபாய் எதற்கு என்பது தெரிந்துவிடும்.