டிசிசி ரெடின்னா ரெடின்னு அர்த்தம் இல்லீங்க!

மாடல் ரயில் எஞ்சின் வாங்கறதைப் பத்தி பி.காம் படிக்கிறவனுக்கு என்ன தெரியும்னு கேக்கறீங்களா? காஸ்ட் அக்கவுண்டிங் தெரியுமே, இந்த மேட்டருக்கு அது போதும் :-)

தெரியாதவங்களுக்காக முதல்ல கொஞ்சம் கதைச்சுருக்கம். பழைய டிசி முறையில தண்டவாளத்துல போற வோல்டேஜை ஏத்தி இறக்கித்தான் வேகத்தை மாத்தணும். ஒரே பாதையில ரெண்டு எஞ்சினை வச்சா ரெண்டும் சேர்ந்து ஓடும், சேர்ந்து நிக்கும். டிசிசி-யில தண்டவாளத்துல எப்பவும் முழு வோல்டேஜ் இருக்கும், அதுலயே கட்டளைகளும் போகும். எஞ்சினுக்குள்ள இருக்கிற டீகோடர்ங்கற குட்டி சர்க்யூட், தன் நம்பருக்கு வந்த கட்டளையை மட்டும் கேட்டு மோட்டாரை ஓட்டும். ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனி உருவாக்கினதை வச்சு அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ சங்கம் 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கிடுச்சு. அதனால ஒருத்தர் கண்ட்ரோலர், இன்னொருத்தர் டீகோடர்னு கலந்து வாங்கலாம்.

இப்ப பெட்டி மேல இருக்கிற எழுத்துக்கு வருவோம். 'டிசிசி ஃபிட்டட்'னா டீகோடர் உள்ளேயே இருக்கு. 'டிசிசி ரெடி'ன்னா சாக்கெட் மட்டும்தான் இருக்கு, டீகோடர் இல்லை. சிம் போட இடம் இருக்கு, சிம்மை நீங்கதான் வாங்கணும்ங்கற மாதிரி. இதுக்கு 'ரெடி'ன்னு பேர் வச்ச மார்க்கெட்டிங் ஆளுக்கு ஒரு கும்பிடு.

ரெண்டுமே எழுதாத பழைய எஞ்சின்தான் ஆபத்து. விலை சல்லிசா இருக்கும், கை பரபரக்கும். ஆனா டிசிசி-க்கு மாத்தணும்னா மோட்டாரோட ரெண்டு முனையும் தண்டவாளத்துல இருந்து வர்ற கரண்ட்டைத் தொடாம தனியா இருக்கணும். நிறைய பழைய மாடல்ல எஞ்சினோட உலோகச் சட்டமே ஒயர் வேலையைப் பாக்குது. அதைப் பிரிச்சு, இன்சுலேட் பண்ணி, சால்டரிங் வச்சு... போதாக்குறைக்கு, பழைய மோட்டார் கரண்ட்டை நிறைய இழுக்கும். ஹெச்ஓ அளவு டீகோடர் பல, சுமார் 1 ஆம்பியர் தாங்கற மாதிரிதான் வருது. 12 வோல்ட்ல சக்கரத்தைக் கையால நிறுத்திப் பிடிச்சு எவ்வளவு ஆம்பியர் இழுக்குதுன்னு மீட்டர்ல பாக்காம மாட்டினா டீகோடர் புகைஞ்சிடும். அப்புறம் எங்க சல்லிசு?

சில கண்ட்ரோலர்ல டீகோடர் இல்லாத எஞ்சினை நம்பர் 0-வில ஓட்டலாம்னு சொல்வாங்க. ஓடும்தான். ஆனா நிக்கும்போதும் மோட்டார் ஙொய்ய்னு கத்திக்கிட்டே சூடாகும். கோர்லெஸ் மோட்டார்னா சோலி முடிஞ்சுது.

என் ஓட்டு 'ரெடி'க்குத்தான், பேர் பொய்யா இருந்தாலும். கம்பெனியே மாட்டித் தர்ற டீகோடர் பல சமயம் அடிப்படை ரகம். மெதுவா ஊர்ந்து போறதுலதான் எஞ்சினோட அழகே இருக்கு, அதுக்கு நல்ல டீகோடரா நாமே பாத்துப் போடலாம். பாக்கெட் மணி சேர்ற வரைக்கும் பழைய டிசி கண்ட்ரோலர்லயே ஓட்டிக்கலாம். பெட்டியைத் திறக்கவே பயம்னா மட்டும் ஃபிட்டட் வாங்குங்க.

ஆனா விலையை ஒப்பிடும்போது டீகோடர் விலையையும் சேர்த்து ஒப்பிடுங்க. சாக்கெட் 8 பின்னா, 21 பின்னான்னு கேட்டு வச்சுக்குங்க, ஒண்ணுக்கு வாங்கினது இன்னொண்ணுல நேரடியா பொருந்தாது. மார்க்லின் ஹெச்ஓ எஞ்சின் பெரும்பாலும் தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கிற முனைகள்ல இருந்து கரண்ட் எடுக்கிறது, சாதாரண ரெண்டு தண்டவாளப் பாதைக்கு ஒத்து வராது.

பி.கு: புது டீகோடர் வழக்கமா நம்பர் 3-ன்னுதான் வரும். ரெண்டாவது எஞ்சின் வாங்கின அன்னைக்கே நம்பரை மாத்திடுங்க, இல்லேன்னா ரெண்டும் ஒண்ணா கிளம்பும் :-)