மகுடமும் மாங்கல்யமும்

அழகுராணிப் போட்டியைப் பற்றி ஓர் இலக்கிய ஏடு எழுதுவதா என்று முகஞ்சுழிப்பவர் சிலர் நம்மிடையே உளர். வீட்டுக்கு வீடு மக்கள் அமர்ந்து எதனைத் தொலைக்காட்சியிற் கண்ணிமைக்காமற் பார்க்கின்றார்களோ, அதனைப் பாராதவர்போல் ஒதுங்கி நிற்பது எழுத்தாளனுக்கு அழகன்று என்பதே அவர்களுக்கு நாம் கூறும் விடை. மேடையில் நடப்பது வெறுங் கேளிக்கையாக இருக்கலாம். அக்கேளிக்கைக்கு விதி வகுத்தவர் யார், அவ்விதியின் கீழே மிதிபடுபவர் யார் என்று கேட்பது கேளிக்கையாகாது. மேலும், நாம் இப்போட்டிகளைக் கண்ணெடுத்தும் பாராத துறவிகளுமல்லோம். எவர் நன்றாக விடையளித்தார், நடுவர்கள் எவருக்கு ஓரவஞ்சனை செய்தார்கள் என்ற வாதம் நமது வீடுகளிலும் நள்ளிரவுவரை நடப்பதுண்டு. பார்ப்பவர்கள் என்ற உரிமையோடுதான் பேசுகின்றோம்.

2021 ஏப்ரில் 4 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை இரவு, கொழும்பு தாமரைத் தடாக அரங்கில் 'திருமதி ஸ்ரீ லங்கா' இறுதிப் போட்டி நடைபெற்றது. நாடு முழுவதும் அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அன்றைய பிரதமரின் துணைவியாரும், 1973 ஆம் ஆண்டின் இலங்கை அழகுராணியுமான ஷிராந்தி ராஜபக்ஷ விருந்தினராக வந்திருந்தார். நடுவர்கள் புஷ்பிகா டி சில்வாவை வெற்றியாளராகத் தெரிந்தனர். அவர் தலையில் மகுடம் ஏறியது. அதன்பின் முந்திய வெற்றியாளரும், அவ்வேளை 'திருமதி உலகம்' பட்டத்தைத் தாங்கியிருந்தவருமான கரோலின் ஜூரி ஒலிவாங்கியைக் கையிலெடுத்தார். விவாகரத்துப் பெற்றவர்களுக்கு இப்போட்டியில் இடமில்லை என்றும், ஆகவே மகுடம் இரண்டாமிடத்தவருக்கே செல்லவேண்டும் என்றும் அறிவித்தார். அறிவித்ததோடு நில்லாது, வென்றவரின் கூந்தலிற் சிக்கியிருந்த மகுடத்தைப் பிடுங்கியெடுத்து மற்றவர் தலையில் வைத்தார். வென்றவர் கண்ணீரோடு மேடையை விட்டு இறங்கினார்.

பின்னர் நடந்தவையும் யாவரும் அறிந்தவையே. தலையிற் பட்ட காயத்துக்குச் சிகிச்சை பெற்றதாகப் புஷ்பிகா தெரிவித்தார். தாம் கணவரைப் பிரிந்து வாழ்பவரேயன்றி விவாகரத்துப் பெற்றவரல்லர் என்றும் விளக்கினார். போட்டியை நடத்தியவர்கள் மன்னிப்புக் கேட்டு, மகுடத்தை அவரிடமே மீளக் கையளித்தனர். கரோலின் ஜூரி பொலிஸாராற் கைது செய்யப்பட்டுப் பிணையில் விடுதலையானார். அம்மாதத்திலேயே உலகப் பட்டத்தையும் துறந்தார். நியாயம் நிலைநாட்டப்பட்டுவிட்டது என்று நாடு பெருமூச்சு விட்டது.

நியாயம் நிலைநாட்டப்பட்டதா? இதனையே நாம் கேட்கவேண்டியிருக்கின்றது.

அன்றிரவு தொடக்கம் இரசிகர்கள் இரு கட்சியாயினர். நடுவர்களின் தீர்ப்பை மேடையிலே மாற்றுவதற்கு முன்னைய ராணிக்கு என்ன அதிகாரம் என்று கொதித்தது ஒரு கட்சி. முறை பிழைத்தது உண்மையாயினும் விதி விதிதானே என்றது மறு கட்சி. முதற் கட்சியினரின் கோபம் நியாயமானது. பந்தயம் முடிந்தபின் பந்தயக்காரரே நடுவராவதை எந்த விளையாட்டும் ஏற்காது. ஆயினும் இரு கட்சியாரும் ஒரு விடயத்தில் ஒருமைப்பட்டிருந்தனர். புஷ்பிகா விவாகரத்துப் பெற்றவரா, இல்லையா என்பதே வழக்கின் மையம் என்று இருவரும் கொண்டனர். அவருடைய விவாகச் சான்றிதழைப் பற்றி நாடே விசாரணை நடத்தியது. அவ்விசாரணையை நடத்தும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

மகுடம் எந்தக் காரணத்தினால் மீண்டது என்பதைச் சற்று ஊன்றி நோக்குவோம். விவாகரத்துப் பெற்ற பெண்ணும் பெண்தானே, அவளுக்கும் இப்பட்டம் உரியது என்று கூறி எவரும் அதனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் இன்னமும் சட்டப்படி மனைவியே என்பது உறுதிப்பட்ட பின்னரே மன்னிப்பும் வந்தது, மகுடமும் வந்தது. மாவட்ட நீதிமன்றம் சில மாதங்களுக்கு முன் அவருக்கு விடுதலை வழங்கியிருக்குமாயின் என்ன நிகழ்ந்திருக்கும்? பிடுங்கிய கை முரட்டுக் கையென்று சிலர் கடிந்திருப்பர். பிடுங்கியது சரியே என்று யாவரும் தலையசைத்திருப்பர். மேடையில் ஒருவர் கையால் செய்ததை, விதிப் புத்தகம் ஒவ்வோராண்டும் ஓசையின்றிச் செய்துகொண்டிருக்கின்றது. அது செய்வதைத் தொலைக்காட்சி காட்டுவதில்லை. ஏனெனில் விதியால் விலக்கப்பட்ட பெண் மேடைக்கே வருவதில்லை.

மகுடத்தை மீளப் பெற்ற புஷ்பிகா, பிள்ளைகளைத் தனித்து வளர்த்து அல்லற்படும் தாய்மாருக்கு அதனைக் காணிக்கையாக்கினார். நெஞ்சைத் தொட்ட செய்கை அது. அவருடைய நேர்மையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அக்காணிக்கையில் எவ்வளவு பெரிய முரண்பாடு பொதிந்து கிடக்கின்றது! அத்தாய்மாருள் விவாகரத்துப் பெற்றவர்கள் தமக்குக் காணிக்கையான மகுடத்தைத் தூரத்திலிருந்து பார்க்கலாம். அதற்காகப் போட்டியிட முடியாது. கோயிலுக்குள் நுழையவிடாதவனுக்கு வீதியிலே பிரசாதம் கொடுப்பது போன்றது இது. குறை புஷ்பிகாவினுடையதன்று. தம்மைத் தாம் காப்பாற்றிக்கொள்வதற்கு "நான் விவாகரத்துப் பெற்றவளல்லேன்" என்பதைத் தவிர வேறு ஆயுதத்தை இச்சமுதாயம் அவர் கையிற் கொடுக்கவில்லை.

இந்த விதி எங்கிருந்து வந்தது? உலகப் போட்டிகளிற் பலகாலம் ஒரு வழக்கம் இருந்தது. 'செல்வி'யருக்கான போட்டிகளில் மணமானவளும் தாயானவளும் சேரவியலாது. 'திருமதி'யருக்கான போட்டியில் மணமாகாதவள் சேரவியலாது. ஒன்று ஆடவன் கை படாதவளைத் தேடுகின்றது. மற்றையது ஆடவனொருவனின் கையில் ஒப்படைக்கப்பட்டவளைத் தேடுகின்றது. இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். பெண்ணின் நடையையும் உடையையும் பேச்சையும் அளப்பதாகக் கூறிக்கொண்டு, அனைத்துக்கும் முதலாக அவளுக்கும் ஆடவனுக்கும் உள்ள உறவையே இப்போட்டிகள் அளக்கின்றன. நமது மொழியைப் பாருங்கள். மணமானவனாயினும், மணமாகாதவனாயினும், மனைவியைத் துரத்திவிட்டவனாயினும் ஆடவன் 'திரு'வாகவே இருக்கின்றான். பெண்ணுக்கு மட்டுமே பெயருக்கு முன்னால் ஒரு வாக்குமூலம் வேண்டியிருக்கின்றது.

பிரபஞ்ச அழகுராணிப் போட்டியை நடத்துவோர்கூட 2023 ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து மணமானவர்களையும் தாய்மாரையும் அனுமதித்தனர். 2024 இல் வயதெல்லையையும் நீக்கினர். அது பெண்விடுதலை வேட்கையினால் நேர்ந்ததா, சந்தையை விரிக்கும் வேட்கையினால் நேர்ந்ததா என்பது வேறு கேள்வி. விதி கல்லிற் பொறித்ததன்று, மனிதர் எழுதியதே என்பதற்கு அது போதிய சான்று. எழுதியவர்கள் அழிக்கவும் முடியும்.

"பிடிக்காவிட்டால் விவாகரத்துப் பெறாமலே இருக்கலாமே" என்று அவ்வேளை ஏளனஞ் செய்தோரும் உளர். இந்நாட்டின் சட்டத்தை அறியாதவர்கள் அவர்கள். 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினாலும் அது போதியதன்று. சோரம், வன்மத்துடனான கைவிடல், விவாகத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகியவற்றுள் ஒன்றை நீதிமன்றத்திலே நிறுவவேண்டும். ஒருவர் மற்றவர்மீது சேறு பூசினாலன்றிக் கதவு திறவாது. வழக்குத் தவணைகள் நீள்கின்றன, செலவு வளர்கின்றது. ஆகவேதான் எத்தனையோ பெண்கள் மனைவியுமல்லாது, விடுதலை பெற்றவர்களுமல்லாது, 'பிரிந்து வாழ்பவர்' என்ற நடுத்தெருவிலே ஆண்டுக்கணக்காக நிற்கின்றார்கள். அந்நடுத்தெருவில் நிற்கும்வரை மகுடம் உண்டு. துணிந்து கடந்துவிட்டாற் கிடையாது. இறந்துபோன தாம்பத்தியத்தின் பிணத்தைச் சுமப்பவளுக்குப் பரிசு. அதனை அடக்கஞ் செய்தவளுக்குத் தண்டனை!

இது கொழும்பிலே சிங்களச் சீமாட்டிகளிடையே நிகழ்ந்த சண்டை, நமக்கென்ன என்று வடக்கிலும் கிழக்கிலும் கூறிக்கொண்டிருப்போமாயின் அது பெரும் பாசாங்கு. மகுடம் பிடுங்குவதில் நாம் எவருக்கும் சளைத்தவர்களல்லோம். கணவனைப் பிரிந்தவளுக்கு 'வாழாவெட்டி' என்றும், கணவனை இழந்தவளுக்கு 'அறுதலி' என்றும் பெயர் சூட்டி வைத்திருக்கும் மொழி நமது மொழி. இவற்றுக்கு ஒத்த இழிவோடு ஆடவனைச் சுட்டும் சொல் யாது?  கலியாண வீட்டிலே, பெற்ற மகளுக்கே ஆரத்தி எடுக்கவிடாது தாயை அறைக்குள் இருத்திவிட்டு, எங்கோ ஒரு தூரத்து உறவுக்காரியைச் 'சுமங்கலி' என்று முன்னுக்கு அழைக்கின்றோமே, அங்கே நடப்பது என்ன? ஒலிவாங்கி இல்லை, தொலைக்காட்சி இல்லை என்பதைத் தவிர தாமரைத் தடாகத்தில் நடந்ததற்கும் அதற்கும் வேற்றுமை யாது?

யாழ்ப்பாணத்துத் தமிழருக்குரிய 1911 ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தையும் இங்கு நினைவுகூர்தல் தகும். மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என அது விதித்தது. போருக்குப் பின் எத்தனையோ பெண்களின் கணவன்மார் இருக்கின்றார்களா, இறந்தார்களா என்பதே தெரியாது. காணாமற்போனவருக்கென ஒரு சான்றிதழ் வழங்கும் ஏற்பாடே 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் உண்டாயிற்று. பொட்டு வைத்தாலும் குற்றம், வைக்காவிட்டாலும் குற்றம் என்று அப்பெண்களை ஊர் வதைத்தது. அவர்களை எந்தப் பட்டத்தின் கீழே நிறுத்துவது? 'திருமதி' என்பதா? புள்ளிவிபரங்களின்படி இந்நாட்டுக் குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பெண்ணே தலைமை தாங்குகின்றாள். குடும்பத்தைச் சுமக்கும் அத்தலைகளில் எத்தனையோ தலைகளைத்தான், மகுடத்துக்கு ஆகாதவை என்று அவ்விதி ஒதுக்குகின்றது.

இனி, எதிர்வாதங்களுக்கு வருவோம். பண்பாட்டுக் காவலர்கள் சிலர் நாம் இவ்வாறு எழுதக் கண்டதும் உவகை கொள்வர். பெண்கள் மேடையேறுவதே தகாது என்று நம்மோடு கைகோக்க வருவர். அக்கையை நாம் தட்டிவிடுகின்றோம். 1968 இல் அமெரிக்காவின் அத்திலாந்திக் நகரில், இறுக்கும் உள்ளாடைகளையும் உயர்ந்த குதிச் சப்பாத்துக்களையும் குப்பைத் தொட்டியில் எறிந்த பெண்களும், 1970 இல் இலண்டன் அல்பேட் மண்டபத்து உலக அழகுராணிப் போட்டியில் மாப்பொட்டலங்களை வீசிய பெண்களும் தம்மைச் சந்தைப் பண்டமாக்குவதை எதிர்த்தனர். 1996 இல் பெங்களூரில் அதே போட்டி நடந்தபோது எதிர்த்தோருள் அவர்கள் வழிவந்தோரும் இருந்தனர். பெண்ணை வீட்டுக்குள் பூட்டவேண்டுமென்போரும் இருந்தனர். இவ்விரு எதிர்ப்பையும் ஒன்றெனக் கொள்வது மடமை. பூட்ட நினைப்பவனும் விற்க நினைப்பவனும் பெண்ணுக்கு உரிமையாளன் ஒருவன் வேண்டுமென்பதில் உடன்பாடுடையவர்கள்.

இப்போட்டிகள் பெண்களுக்கு ஏணியாகவும் அமைகின்றனவே என்பர் வேறு சிலர். மறுக்கவில்லை. 1984 இல் முதலாவது 'திருமதி உலகம்' பட்டத்தை வென்ற ரோசி சேனாநாயக்க, 2018 இல் கொழும்பு மாநகரின் முதற் பெண் முதல்வரானார். ஏணி ஒருவருக்கு உதவியது உண்மை. ஆனால் 1960 இல், கணவனை இழந்த ஒருவரை உலகின் முதற் பெண் பிரதமராக்கிய இந்நாட்டின் பாராளுமன்றத்தில், இப்போட்டி நடந்த 2021 இல் 225 பேருள் பெண்கள் 12 பேரே. ஏணி எவ்வளவு குறுகியது என்பதை இதனைவிட வேறெவ்வாறு காட்டுவது?

பெண்மையை உலகுக்குக் காட்டுகின்றோம் என்போரிடம் மற்றுமொன்றும் கேட்போம். அதே ஆண்டு மார்ச்சில்தான், பல ஆண்டுப் போராட்டத்தின் பின், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதனையும் எதிர்த்துத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் கூடை சுமந்து புன்னகைக்கும் மலையகப் பெண்ணின் முகத்தை இந்நாடு நெடுங்காலமாக உலகுக்குக் காட்டி வருகின்றது. அவள் முகம் விலைபோயிற்று; அவள் கூலி மட்டும் வழக்கிலே கிடந்தது. மேடைப் பெண்ணுக்கும் மலைப் பெண்ணுக்கும் இடையே வர்க்க வேற்றுமை பெரிது. எனினும் இருவர் முகத்தையும் வைத்து வாணிகம் நடத்துவோர் இருவரையும் எவ்வளவு பெறுமதி என்று பிறர் நிறுக்கும் தராசிலேயே ஏற்றியிருக்கின்றார்கள்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். போட்டி நடத்துவோர் அவ்விதியை நீக்கவேண்டும். விரும்பிய பெண் விரும்பியவாறு மேடையேறட்டும். அவளுடைய விவாகச் சான்றிதழை வாயிலில் நின்று எவரும் கேட்கவேண்டாம். மனமொத்துப் பிரிவோரைச் சேறு பூசச் செய்யும் சட்டங்கள் மாறவேண்டும். காணியைக் கணவனின் கையெழுத்தோடு கட்டிவைத்த சட்டங்களும் மாறவேண்டும். அவை மாறும்வரை காத்திராமல் நாம் இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அடுத்த கலியாணத்தில், கணவனை இழந்த தாய் தன் மகளுக்குத் தானே ஆரத்தி எடுக்கட்டும். கணவனைப் பிரிந்த மூத்த மகள் முன்வரிசையில் இருக்கட்டும். அதற்குத் துணியாதவர்களுக்குக் கரோலின் ஜூரியைக் கண்டிக்கும் தகுதி கிடையாது.