தாதியர் கலையும் நம் வீட்டுப் பெரியவர்களும்

என் தங்கை மகள் இங்கே மைசூரில் நர்சிங் படிக்கிறாள். அவளுடைய பாடப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். ரயில்வேயில் டிப்ளமோ என்ஜினீயராகக் காலம் தள்ளிய எனக்கு அது புது உலகம். நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் இத்தனை கட்சிகளா!

முதலில் நாம் எல்லோரும் அறிந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். காற்று, வெளிச்சம், சுத்தம், அமைதி நான்கையும் சரியாக வைத்தால் உடம்பு தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. நோயாளி அறையில் குசுகுசுவென்று பேசுவதையும், பார்க்க வருபவர்கள் வாய்க்கு வந்த தைரியம் சொல்வதையும் அன்றே கண்டித்திருக்கிறார். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகக் கட்டிலைச் சூழ்ந்து நிற்கும் நம்மவர்களைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அமெரிக்காவின் வர்ஜீனியா ஹென்டர்சன், மூச்சு விடுவது முதல் வழிபாடு வரை மனிதனுக்கு 14 தேவைகள் என்று பட்டியலே போட்டுவிட்டார்.

டொரோத்தியா ஓரம் 1971-இல் எழுதியது எனக்கு உடனே பிடிபட்டது. நோயாளி தனக்குத் தானே செய்துகொள்ள முடியாததை மட்டும் நர்ஸ் செய்ய வேண்டும். முடிய முடிய, விலகிக்கொள்ள வேண்டும். சக்லேஷ்பூர் மலைப்பாதையில் ரயிலைப் பின்னாலிருந்து தள்ள பேங்கர் என்ஜின் கொடுப்பார்கள். ஏற்றம் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். நம் வீடுகளில் கழற்றுவதே இல்லை. பக்கவாதத்திலிருந்து தேறிவரும் தாத்தாவுக்கு மாதக்கணக்கில் ஊட்டிவிடுகிறோம். பாசம்தான், ஆனால் கை பழகுவது எப்போது?

ஆனாலும் ஊர்விட்டு வந்த நமக்கு மிகவும் வேண்டியவர் மெடலின் லைனிங்கர் என்பதே என் கருத்து. நர்ஸாக இருந்து மானிடவியல் படித்தவர். பப்புவா நியூகினி மக்களிடையே தங்கி ஆராய்ந்தவர். நோயாளியின் பேச்சும் பழக்கமும் தெரியாமல் செய்யும் பணிவிடை ஒட்டாது என்றார்.

கன்னடத்தில் 'உசிரு' என்றால் மூச்சு. மூச்சை விடச் சொல்லி நர்ஸ் கன்னடத்தில் சொன்னால், நம் பாட்டி காதில் 'உசிரை விடு' என்றுதான் விழும்! பாட்டி குடைச்சல், கடுப்பு, சுருக் சுருக்கென்று குத்துகிறது என்று வகை பிரித்துச் சொல்வதெல்லாம் 'நோவு' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. டாக்டருக்கோ அந்த வித்தியாசம்தான் முக்கியம். நர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. இரவு டூட்டியில் அந்தப் பெண் எத்தனை கட்டிலைத்தான் பார்ப்பாள்?

'நமக்குத்தான் கன்னடம் தெரியுமே' என்பீர்கள். நமக்குத் தெரியும். மகனோடு இருக்கலாம் என்று போன வருஷம் கும்பகோணத்திலிருந்து வந்த தாயாருக்கு?

சங்கம் ஓர் அட்டை அச்சிடலாம். வலிகளுக்கான தமிழ்ச் சொற்கள் கன்னட எழுத்தில், பக்கத்திலேயே கன்னடப் பொருள். நோயாளி என்ன சாப்பிடுவார், எதைத் தொடமாட்டார் என்று எழுதக் கீழே இடம். பொங்கல் விழாச் செலவில் சிறு பங்கு போதும். சொற்களைத் தொகுக்க நான் தயார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வலியை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு, அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்.