துளையா, வெட்டா?

"வயிற்றைக் கிழிக்காமல் துளை போட்டே எடுத்துவிடலாமாமே?"

புற்று நோய் என்று தெரிந்து, மயிலாப்பூரிலிருந்தோ தியாகராய நகரிலிருந்தோ அடையாறு ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் குடும்பத்தில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்காமல் இரார். நியாயமான கேள்விதான்.

கத்தி பட்டால் சரீரம் சும்மா இருப்பதில்லை. வைத்தியர் கத்தியா, திருடன் கத்தியா என்ற பேதம் அதற்குத் தெரியாது. சில மணி நேரத்திற்குள் இன்டர்லூக்கின்-6 என்னும் பொருள் இரத்தத்தில் பெருகுகிறது. அதன் ஏவலினால் கல்லீரல் ஸி.ஆர்.பி. என்ற புரதத்தை உண்டாக்குகிறது. இரண்டு மூன்று நாளில் உச்சத்தை அடைந்து, பிறகு அது இறங்கும். அழற்சி எனப்படும் இந்தக் கலக்கம் காயம் ஆறுவதற்கு அவசியமே. ஆனால் இறங்க வேண்டிய நாளில் இறங்காவிட்டால், தைத்த குடலில் கசிவு உண்டோ என்று டாக்டரின் முகம் மாறிவிடும்.

குடல் புற்றைத் துளை வழியாக எடுத்தவர்களிடம் இந்தக் கலக்கம் பொதுவாகக் குறைவு. வலியும் குறைவு; சீக்கிரம் வீடு திரும்புகிறார்கள். நோய் திரும்பி வருமோ என்ற பயத்தையும் 2004-ல் வெளியான வட அமெரிக்க ஆராய்ச்சி தணித்தது. 872 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்ததில், இரண்டிலும் ஏறக்குறைய ஒரே பலன்.

இத்துடன் நின்றிருந்தால் 'துளையே மேல்' என்று எழுதியிருப்பேன். 2018-ல் வேறொரு செய்தி வந்தது. கருப்பை வாய்ப் புற்றின் ஆரம்ப நிலையிலிருந்த 631 பெண்களைப் பற்றியது அது. வயிற்றைத் திறந்து சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 96.5 பேர் நாலரை ஆண்டுக்குப் பின்னும் நோயின்றி இருந்தார்கள். துளை வழியாகப் பெற்றவர்களில் 86 பேர்தான். மரணமும் இவர்களிடமே அதிகம். கருப்பையைப் பிடித்து அசைக்கும் கருவி கட்டியைச் சிதற வைக்கிறதோ என்று வைத்தியர்கள் சந்தேகிக்கிறார்கள். காயம் சிறியதாயிருந்தும் நோய் தப்பிவிட்டது!

சென்னைப் பெண்களிடையே ஒரு காலத்தில் முதலிடம் வகித்த புற்று அது. உடன்பிறந்தாளைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாற்றில் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய நாளில், துளைச் சிகிச்சை என்ற பேச்சே இங்கு இல்லை. இன்று இரண்டு வழியும் இருக்கின்றன. ஆகையால், "தழும்பு எவ்வளவு நீளம்?" என்பதைப் பிறகு கேட்டுக் கொள்ளலாம். "இந்த உறுப்பில், இந்த நிலையில், எந்த முறையில் நோய் திரும்புவது குறைவு?" என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள்.