வாக்குறுதிக்குக் காவல் யார்?

ஆறு கடக்கும் வரையில் அண்ணன் தம்பி. ஆறு கடந்துவிட்டால் நீ யாரோ, நான் யாரோ! நம் மக்கள் பட்டுத் தெளிந்து சொன்ன பழமொழி இது. நிலம் கேட்டு வருவோரின் நெஞ்சத்தை இதைவிடத் தெளிவாகப் படம்பிடிக்க எவராலும் இயலாது. நிலம் கைக்கு வரும்வரையில் வேலை தருவோம் என்பர், சாலை போடுவோம் என்பர், மரம் வளர்ப்போம், மாசு வராமல் காப்போம் என்பர். நிலம் கைமாறிய பிறகு, "என்ன ஆயிற்று ஐயா?" என்று கேட்கப் போனால், வாயிற்காவலர் வழிமறித்து, "நீ யார்? எந்த ஊர்? எதற்கு வந்தாய்?" என்று வினவுவார். எந்த ஊராம்! அந்த மதில் எழுந்த மண்ணே அவன் ஊர் என்பது அந்தக் காவலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் திறக்க அவரிடம் திறவுகோல் இல்லை.

கொசத்தலையாறு கடலை நோக்கிச் செல்லும் வழியில், அத்திப்பட்டு வட்டாரத்தில் வாழும் மக்களிடம் இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. தமிழ்நாட்டின் விளக்குகளில் ஒரு பங்கு அவர்கள் மண்ணிலிருந்து எரிகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதற்கட்டம் 1990களில் எழுந்தது: 630 மெகாவாட். அதை அடுத்து இரண்டாம் கட்டம்: 1,200 மெகாவாட். பக்கத்திலே வல்லூரில், ஒன்றிய அரசின் நிறுவனமும் நமது மின்வாரியமும் கூட்டாக நிறுவியது 1,500 மெகாவாட். 2024இல் 800 மெகாவாட்டில் மூன்றாம் கட்டமும் தொடங்கி வைக்கப்பட்டது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. 2014இல் அதற்குக் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. இத்தனையும் எங்கோ வானத்தில் கட்டப்படவில்லை. வயலில், உப்பளத்தில், உவர்நிலத்தில், மீனவன் வலை உலர்த்திய மணலில் கட்டப்பட்டன.

கட்டியது தவறென்று நாம் கூறவில்லை. தெற்கு தேய்கிறது என்று முழங்கி, சேலத்துக்கு உருக்காலையும் தூத்துக்குடிக்குத் துறைமுகமும் வேண்டுமென்று 1960களில் நாடெங்கும் குரல் எழுப்பிய மரபு நமது மரபு. ஆலை வேண்டாம் என்பது நம் வாதமல்ல. ஆலை வரும்போது கொடுக்கப்பட்ட வாக்கு என்ன ஆயிற்று, அதைக் கணக்குப் பார்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி.

இக்கேள்வி அத்திப்பட்டில் மட்டும் எழவில்லை. அமெரிக்காவிலே, உலகப் புகழ் பெற்ற ஒரு கல்விக்கூடத்தின் வாயிலிலும் எழுந்தது. ஹார்வர்டு என்றால் தமிழருக்கும் அறிமுகம் உண்டு. அங்கே தமிழ் இருக்கை அமைவதற்காக உலகத் தமிழர் 60 லட்சம் டாலர் திரட்டினர். தமிழ்நாடு அரசும் 10 கோடி ரூபாய் வழங்கிற்று. 1636இல் தோன்றிய அப்பல்கலைக்கழகம் கேம்பிரிட்ஜ் நகரில் இருக்கிறது. சார்லஸ் ஆற்றைக் கடந்தால் ஆல்ஸ்டன். அது பாஸ்டன் மாநகரின் ஒரு பகுதி, உழைப்பாளர் வாழும் பகுதி. 1997இல் ஒரு செய்தி வெளியாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில், தன் பெயரை வெளிக்காட்டாமல், வேறொரு நிறுவனத்தை முன்னிறுத்தி, அந்தப் பல்கலைக்கழகம் ஆல்ஸ்டனில் 52 ஏக்கர் வாங்கியிருக்கிறது! விற்றவருக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது, மாநகர மேயருக்கும் தெரியாது. ஆறு கடந்து வந்தவர் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. முக்காடிட்டு வந்து முடித்துக்கொண்டு போனார். மேயர் சினந்தார், மக்கள் வெகுண்டனர்.

அதோடு முடியவில்லை. மாபெரும் அறிவியல் வளாகம் எழுப்புவோம் என்று அறிவித்துப் பள்ளம் தோண்டினர். பொருளாதார நெருக்கடி வந்தது. 2009 டிசம்பரில், பணி நிறுத்தம் என்று அறிவித்தனர். உலகிலேயே பெருஞ்செல்வம் படைத்த பல்கலைக்கழகம்! அதன் வாசலில் பாதியில் நின்ற அடித்தளம். சுற்றிலும் பூட்டிக் கிடந்த கட்டடங்கள். செல்வம் இருந்தால் சொன்ன சொல் நிற்கும் என்று எண்ணுவோர் இந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆனால், பாஸ்டனின் கையில் ஒரு பிடி இருந்தது. பல்கலைக்கழகமோ மருத்துவமனையோ அந்நகரில் பெரிதாகக் கட்டிடம் எழுப்ப வேண்டுமானால், அடுத்து வரும் ஆண்டுகளில் என்னென்ன கட்டப்போகிறது, எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தப்போகிறது, ஊருக்கு என்ன செய்யப்போகிறது என்ற முழுத் திட்டத்தையும் மாநகரின் முன் வைத்தாக வேண்டும். பொதுமக்கள் கருத்துக் கூறுவர். ஊருக்குச் செய்வதாகச் சொன்னவை ஒப்பந்தமாக எழுதப்படும். காலம் முடிந்தால் மீண்டும் அதே கதவைத் தட்ட வேண்டும். ஆகவே, பணியை நிறுத்திய பல்கலைக்கழகம் மறுபடி கட்ட வந்தபோது மாநகரின் முன் வந்து நிற்க நேர்ந்தது. 2013இல் பத்தாண்டுத் திட்டம் ஒப்புதல் பெற்றது. ஊருக்கான நன்மைகள் அதனுடன் பிணைக்கப்பட்டன. பாதியில் நின்ற அந்த வளாகம் 2021இல் மாணவர்களுக்குத் திறக்கப்பட்டது.

அங்கே எல்லாம் பாலும் தேனும் என்று நாம் பாடவில்லை. வீட்டு வாடகை ஏறுகிறது, பழங்குடிகள் வெளியேறுகின்றனர் என்று ஆல்ஸ்டன் மக்கள் குறை கூறித்தான் வருகின்றனர். ஆனால் குறை கூற ஓர் இடம் உண்டு. எடுத்துக்காட்ட ஓர் ஏடு உண்டு. அடுத்த அனுமதியை நிறுத்திவைக்கும் அதிகாரம் அந்த நகருக்கே உண்டு. வாக்குறுதியை வாழவைப்பது வாக்குக் கொடுத்தவரின் நல்லெண்ணமல்ல, கேட்பவர் கையிலுள்ள பிடி!

அந்தப் பிடி அத்திப்பட்டின் கையில் இருக்கிறதா?

சாம்பலை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகவே எஞ்சும். அதை நீரில் கரைத்துக் குழாய்வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்தால் கூழ் ஆற்றில்; கரை கசிந்தால் செப்பாக்கத்து மக்களின் வாசலில். சாம்பலை வீணாக்காமல் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் சாலைக்கும் பயன்படுத்த வேண்டுமென ஒன்றிய அரசு 1999இல் அறிவிக்கை வெளியிட்டது. 2009இல், ஐந்தாண்டுக்குள் முழுவதையும் பயன்படுத்துக என்றது. 2014 வந்தது, போயிற்று. 2016இல் திருத்தி, 2017 டிசம்பர் 31 கடைசி நாள் என்றது. அந்த நாளும் வந்தது; போயிற்று. 2021 டிசம்பர் 31இல் புதிய அறிவிக்கை. மேலும் மூன்று முதல் ஐந்தாண்டுத் தவணை. தவறினால் பயன்படுத்தாத டன் ஒன்றுக்கு 1,000 ரூபாய். ஏழை உழவன் வங்கிக் கடனுக்கு இப்படித் தவணைமேல் தவணை கேட்டால் கொடுப்பார்களா? சப்தி அறிவிப்பு அல்லவா வீடு தேடி வரும்!

இதற்கிடையே ஆற்றைக் காத்தது யார்? மீனவர்! வலையில் மீனுக்குப் பதில் சாம்பற்சேறு ஏறியதைக் கண்டவர்கள் அவர்கள். இறால் மறைந்ததை முதலில் அறிந்தவர்கள் அவர்கள். வேலையை விட்டு, கூலியை விட்டு, பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறியவர்கள் அவர்கள். 2022இல் தீர்ப்பாயம் மாசைச் சீர்செய்ய ஆணையிட்டது. ஆண்டுக்கணக்கில் வழக்காடிப் பெற்ற ஆணை அது! நாம் கேட்கிறோம்: சம்பளம் வாங்கும் அதிகாரி செய்யவேண்டிய கண்காணிப்பை, வலை இழுத்துப் பிழைப்பவன் தன் கைக்காசில் செய்யவேண்டுமா?

"ஊராட்சிக்கு இதெல்லாம் புரியுமா? வேதியியல் தெரியுமா? பொறியியல் தெரியுமா?" என்று கேட்கும் மேதாவிகள் உண்டு. கற்றவர் காணாததை இந்தக் கட்டுமரக்காரன் கண்டான் என்பதே அவர்களுக்கு நாம் தரும் விடை. 1996இல் ஒன்றிய அரசு ஒப்புக்கொண்ட கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் காக்கப்பட வேண்டிய இடமாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் காட்டப்பட்ட இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே காணோம் என்று 2017இல் மீனவர் தரப்பு குமுறி எழுந்தது. கழிமுகம் அங்கேதான் இருந்தது. காகிதத்தில்தான் காணாமற் போயிற்று! ஆறு எங்கே ஓடுகிறது என்று அறிய யாரைக் கேட்பது நலம்? காகிதத்தையா, கரையில் பிறந்தவனையா?

சட்டத்தில் இடமே இல்லையா? இருக்கிறது. அதுதான் வேதனை. ஒன்றிய அரசின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி பெற்ற ஒவ்வொரு நிறுவனமும், விதிக்கப்பட்ட நிபந்தனைகளை எந்த அளவுக்கு நிறைவேற்றியது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சூன் 1ஆம் நாளும் டிசம்பர் 1ஆம் நாளும் அறிக்கை தரவேண்டும். அது பொது ஆவணம், எவரும் பார்க்கலாம். ஆனால் யாரிடம் தருகிறார்கள்? ஒழுங்குபடுத்தும் அதிகாரிகளிடம். எந்த மொழியில்? ஆங்கிலத்தில். அத்திப்பட்டுத் தாய்மார்கள் குடிநீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அதைப் படித்து மகிழ்வார்களோ! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்.

நிறைவேற்ற முடியாத எதையும் நாம் கேட்கவில்லை. மூன்று கேட்கிறோம்.

முதலாவது, வாக்குறுதி ஏடு. ஒவ்வொரு நிறுவனமும் நிலம் பெற்றபோதும் அனுமதி பெற்றபோதும் ஏற்ற நிபந்தனை என்ன, முடிக்கவேண்டிய நாள் எது, பொறுப்பான அதிகாரியின் பதவி எது என்று தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். ரேஷன் கடையில் அரிசி இருப்பு எழுதும் பலகை இருக்கிறதே, அதைப்போல!

இரண்டாவது, கிராம சபையில் கணக்கு. நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. சூன் அறிக்கையை ஆகஸ்ட் 15 சபையிலும், டிசம்பர் அறிக்கையை ஜனவரி 26 சபையிலும் தமிழில் படியுங்கள். நிறுவனத்தின் பொறுப்பாளர் எழுந்து நின்று விடை சொல்லட்டும். மின்வாரியமானாலும் சரி, துறைமுகமானாலும் சரி. நம் மாநிலத்து வாரியம் என்பதால் அதற்குத் தனி நீதி கிடையாது. பங்காளி வாங்கிய கடன் என்பதற்காகக் கணக்கேட்டைக் கிழித்துவிட முடியுமா?

மூன்றாவது, பழைய கணக்கு முடியாமல் புதிய அனுமதி கூடாது. பாஸ்டன் பிடித்த பிடி இது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. எல்லை விரிந்தால் பொறுப்பும் விரிய வேண்டாமா? மனைப்பிரிவுக்கு வரைபடம் பார்த்து முத்திரை குத்துவதோடு அதன் கடமை தீர்ந்துவிடாது. நூற்றுக்கணக்கான ஏக்கரை வளைத்து நிற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் முழு நிலத்திட்டத்தையும் ஊருக்குத் தந்த உறுதிகளையும் அதன் முன் வைக்கவேண்டும் என்று மூன்றாம் முழுமைத் திட்டத்தில் விதி எழுதுங்கள். அதானி குழுமத்தின் துறைமுகமானாலும், நாளை இங்கே எழக்கூடிய கல்லூரியானாலும், பல்கலைக்கழகமானாலும் விதி ஒன்றே.

இது ஏன் இப்போது தேவை? காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதற்கென அறிவித்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரிலும் தள்ளிவைக்கப்பட்டது. கருத்துக் கேட்கிறோம் என்று வருவோரை, காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவன் ஒரு கேள்வி கேட்பான்: "முன்பு சொன்ன நிரந்தர வேலை எங்கே?" அந்த வேலைக்காக அவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். 330 ஏக்கரின் கணக்கே தீராதபோது, 6,110 ஏக்கருக்கு எந்த வாக்கை நம்பி அவன் தலையசைப்பான்?

"இப்படியெல்லாம் கேட்டால் தொழில் வராது" என்று அச்சுறுத்துவோர் உண்டு. பாஸ்டன் கேட்டது, பல்கலைக்கழகம் ஓடிவிடவில்லை, கட்டி முடித்தது. கணக்குக் கேட்டால் ஓடுபவன் கடன் கட்டும் எண்ணம் இல்லாதவன். அவன் ஓடினால் ஊருக்கு இழப்பில்லை. சொன்னதைச் செய்பவனுக்கோ, ஊர் தரும் நற்சான்றைவிடப் பெரிய முதலீடு வேறில்லை.

மின்சாரம் தந்த ஊர் அத்திப்பட்டு. துறைமுகத்துக்கு வழிவிட்ட ஊர்கள் அதைச் சுற்றியவை. அந்த மக்கள் பிச்சை கேட்கவில்லை; சலுகை கேட்கவில்லை; கொடுத்த வாக்கின் படி ஒன்றை, தம் மொழியில், தம் ஊரில் கேட்கிறார்கள். அதைக்கூடத் தர மறுக்கும் ஆட்சி எதுவாயினும், அது டில்லியில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், மக்களாட்சி என்ற பெயருக்கு உரியதாகாது.

வருகின்ற கிராம சபையில், முதல் தீர்மானமாக இதை எழுதுங்கள், அத்திப்பட்டு வட்டாரத்து நண்பர்களே! வாக்குக் கொடுத்தவர் மறக்கலாம். வாங்கியவர் மறக்கக் கூடாது.