பொலன்னறுவையில் இரண்டு நாட்கள்



"புருசன் இல்லாத பொம்பிளையளுக்கு என்னத்துக்குகா சுற்றுலா?" கிராமங்களில் வேலை செய்யும்போது இந்தக் கேள்வியைப் பல தடவைகள் கேட்டிருக்கிறேன். ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் கேட்கிறார்கள். சில வேளைகளில் கணவனை இழந்த பெண்களே தம்மைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிறார்கள். அதனால்தான் இம்மாதம் ஒரு பயணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

மட்டக்களப்பு படுவான்கரையில் 14 பெண்களைக் கொண்ட ஒரு சேமிப்புக் குழு உண்டு. அவர்களுள் ஒன்பது பேரின் கணவன்மார் போரில் இறந்தவர்கள் அல்லது காணாமற் போனவர்கள். ஒரு சனி, ஞாயிறு எங்காவது போய்வர இவர்கள் விரும்பினார்கள். சேமிப்புப் பணத்தில் கை வைப்பதில்லை என்று முதலிலேயே தீர்மானித்தார்கள். ஒரு பிஸ்கட் தகரத்தில் மாதம் 300 ரூபாய் வீதம் ஒரு வருடம் போட்டார்கள். கையில் பணம் இல்லாத மாதத்தில் ஒருவருக்காக மற்றவர் போட்டதும் உண்டு.

எமது பெண்கள் பயணம் செய்யாதவர்கள் அல்லர். இடம்பெயர்ந்து எத்தனை ஊர் கடந்தார்கள்! மகனைத் தேடி முகாம் முகாமாக, சிறைச்சாலை சிறைச்சாலையாக அலைந்தார்கள். ஆணைக்குழுக்களின் முன் சாட்சியம் சொல்லப் போனார்கள். ஆனால் அந்தப் பயணங்கள் எல்லாவற்றிலும் கையில் ஒரு ஃபைல் இருந்தது. அதற்குள் மரணச் சான்றிதழோ, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோ, ஒரு புகைப்படமோ இருந்தது. ஃபைல் இல்லாமல் ஊரைவிட்டுப் புறப்படுவது இவர்களில் பலருக்கு இதுவே முதல் தடவை.

பொலன்னறுவை மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரம். ஒரே ரயிலில் போய்விடலாம். ஆனால் அந்தப் பாதை எல்லோருக்கும் வெறும் பாதை அல்ல. புணாணை, வெலிக்கந்தை என்ற பெயர்கள் போர்க்காலச் சோதனைச் சாவடிகளை நினைவுபடுத்துபவை. எங்களுடன் வந்த ஒரு அக்காவின் கணவர் 1990 இல் அந்த வழியால் போய்த் திரும்பி வராதவர். அதன்பின் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. வெலிக்கந்தை கழியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யாரும் அவருடன் கதை கொடுக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் கையை மட்டும் பிடித்திருந்தார். மனம்பிட்டியில் மகாவலிப் பாலத்தில் ரயில் ஏறியபோது கண்ணைத் திறந்து, "ஆறு இவ்வளவு அகலமாகா?" என்று கேட்டார்.

இதை நான் குணமாகிவிட்டதற்கு அடையாளமாகச் சொல்லவில்லை. ஒரு பயணம் மருந்தாகிவிடாது. வர மனமில்லாதவரை வற்புறுத்தவும் கூடாது. ஆனால் பயந்த பாதையைத் துணையோடு கடப்பது தனியே கடப்பதைப்போல் அல்ல.

கற்களில் எமது எழுத்து

பொலன்னறுவை சிங்கள மன்னர்களின் பழைய தலைநகர் என்றுதான் பாடசாலையில் படித்தோம். அது உண்மை. அதற்குமுன் 11ஆம் நூற்றாண்டில் சோழர் அதனை ஜனநாதமங்கலம் என்ற பெயரில் ஆண்டார்கள் என்பதும் உண்மை. 1070 இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். சோழர் காலத்தில் கல்லால் கட்டிய வானவன்மாதேவி ஈஸ்வரம் இன்றும் நிற்கிறது. 'இரண்டாம் சிவாலயம்' என்று குறிக்கப்படும் இது, அந்நகரில் எஞ்சியுள்ள கட்டடங்களுள் மிகப் பழையது. சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஒரு சோழ அரசியின் பெயரைத் தாங்கிய கோயில் என்று சொன்னதும் எங்கள் பெண்கள் கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

அதைவிட வியப்பு புனித தந்தம் இருந்த இடத்தருகே காத்திருந்தது. அங்கே ஒரு பெரிய கற்பலகையில் தமிழ்க் கல்வெட்டு. தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் 12ஆம் நூற்றாண்டில் கொடுத்த வாக்குறுதி அது. "எங்கட எழுத்து இஞ்ச என்ன செய்யுது?" என்றார் ஒருவர். வரலாறு ஒரு பகுதியினரின் தனிச்சொத்து அல்ல என்று கூட்டங்களில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்தக் கல் அதை ஒரு நிமிடத்தில் விளக்கியது.

கணவனை இழந்த அரசிகள்

முதலாம் பராக்கிரமபாகு (1153-1186) கட்டிய சமுத்திரத்தை எல்லோரும் அறிவார்கள். அவனது மனைவி லீலாவதியை அறிவோர் குறைவு. கணவன் இறந்தபின் 1197, 1209, 1211 ஆகிய ஆண்டுகளில் மூன்று தடவைகள் அவள் அரியணை ஏறினாள். மூன்று தடவையும் இறக்கப்பட்டாள். நிசங்கமல்லனின் மனைவி கல்யாணவதியும் கணவனுக்குப் பின் 1202 முதல் 1208 வரை ஆண்டாள். இவர்களை அரியணையில் வைத்தவர்கள் படைத்தளபதிகள்தான். அதிகாரம் முழுவதும் அவர்கள் கையில் இருந்ததென்று சொல்ல முடியாது. எனினும் லீலாவதியின் பெயரில் நாணயம் வெளிவந்தது. கணவனை இழந்தவளை நல்ல காரியத்தில் முன்னே விடாத எமது வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல் விகாரையில் நான்கு சிலைகள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. படுத்திருக்கும் புத்தர் ஏறத்தாழ 14 மீற்றர் நீளம். பக்கத்தில் நிற்கும் சிலை கைகளை மார்பில் மடித்திருக்கிறது. அது ஆனந்தர் என்பார் சிலர். புத்தர்தான், பிறர் துன்பத்துக்காகத் துன்புறும் நிலை அது என்பார் வேறு சிலர். அந்தச் சிலையின் முன்தான் எங்கள் பெண்கள் அதிக நேரம் இருந்தார்கள். எவரும் அதிகம் பேசவில்லை.

போக விரும்புவோருக்கு

அடையாள அட்டையை மறக்க வேண்டாம். ரயில் நிலையமும் பஸ் நிலையமும் கதுறுவெலயில் உள்ளன; இடிபாடுகளைப் பார்க்க அங்கிருந்து வாகனம் பிடிக்க வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய வெளிர்நிற உடை நல்லது. புனித இடங்களில் செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும். மத்தியானம் கல் நெருப்பாகச் சுடும். ஒரு சோடி காலுறை கொண்டு போங்கள், அல்லது காலையிலேயே பார்த்து முடியுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. சாப்பாட்டுப் பார்சலைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுங்கள். தங்குமிடத்தை முன்கூட்டியே பேசி, எத்தனை பெண்கள் வருகிறீர்கள் என்று சொல்லி வையுங்கள். பிள்ளைகளையும் வயதான தாய்மாரையும் யார் பார்ப்பது என்பதைக் குழுவாகவே ஒழுங்கு செய்யுங்கள். பல பெண்களுக்குப் பணத்தைவிட அதுவே பெரிய தடை.

ஓய்வு என்பது உழைத்து முடித்தபின் கிடைக்கும் பரிசு அல்ல. எமது வேலை முடிவதே இல்லை. அப்படியானால் ஓய்வும் வரவே வராது. அடுத்த குழுக் கூட்டத்தில் கடன், வட்டி எல்லாம் பேசி முடித்தபின் ஒரு வெறுந் தகரத்தை நடுவில் வையுங்கள். எங்கே போவது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.